வீட்டிலே சோடாப் பாண்

அயலிலுள்ள வெதுப்பகத்தின் கதவு ஒரு நாட்காலையில் திறவாதிருந்தால் எத்தனையோ வீடுகளிற் காலையுணவு தடைப்பட்டுவிடுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இலங்கை மக்கள் இவ்வுண்மையைக் கண்கூடாகக் கண்டனர். சமையல் எரிவாயு கிட்டாமையால் வெதுப்பகங்கள் பல மூடப்பட்டன. பாணின் விலை ஏறியது. கிடைத்த இடங்களில் மக்கள் வரிசையில் நின்றனர். அக்காலத்திலும் சில வீடுகளின் அடுக்களையிலே சிறிதளவு கோதுமை மாவும், ஒரு சட்டித் தயிரும், அலுமாரியின் மூலையில் ஒரு சிறு பொதி அப்பச்சோடாவும் இருந்திருத்தல் கூடும். இவை மூன்றோடு உப்பும் நெருப்பும் உள்ள எந்த வீட்டிலும் ஒரு மணித்தியாலத்துள் பாண் செய்துகொள்ளலாம் என்பதைப் பலர் அறிந்திலர்.

அயர்லாந்து நாட்டு மக்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இப்பாணைத் தம் வீடுகளிற் சுட்டு உண்டு வருகின்றனர். சோடாப் பாண் என்பது அதன் பெயர். அதற்கு மாவைப் புளிக்கவைத்தல் வேண்டுவதில்லை; பிசைந்து களைத்தலும் வேண்டுவதில்லை. முதன்முறை அடுப்பங்கரைக்கு வந்த சிறுவரும் பெரியோர் துணையோடு செய்யத்தக்க அத்துணை எளியது அது. ஆயினும், எளியதென்று கருதிக் கைவைத்தவர் பலருக்கு முதற் பாண் கல்லாகவோ, சவர்க்காரச் சுவையுடையதாகவோ அமைந்துவிடுகின்றது. செய்முறை அறியாமை இதற்குக் காரணமன்று. அதன் உள்ளே நிகழ்வது இன்னதென அறியாமையே காரணம். ஆதலால், செய்முறைக்கு முன்னர் அதன் தத்துவத்தை விளங்கிக்கொள்வது நன்று.

பாண் என்னும் உணவின் சிறப்பு அதன் மென்மையிலே தங்கியுள்ளது. அம்மென்மையைத் தருவது மாவன்று. மாவினுள்ளே அகப்பட்டுக்கொண்ட வாயுவேயாகும். ஒரு துண்டு பாணை வெளிச்சத்திற் பிடித்து நோக்கினால், எண்ணிறந்த சிறு அறைகள் அதில் இருத்தலைக் காணலாம். அவ்வறை ஒவ்வொன்றும் ஒரு வாயுக் குமிழி இருந்த இடம். குமிழி இல்லாத மா வெந்தால் தட்டையான ரொட்டியாகும். குமிழி நிறைந்த மா வெந்தால் பாணாகும். எனவே, பாண் செய்யும் கலை முழுவதும் இரண்டு வினாக்களில் அடங்கும். குமிழிக்கு வேண்டிய வாயுவை எங்கிருந்து பெறுவது? பெற்ற வாயுவை மா வேகும்வரை தப்பவிடாது எவ்வாறு காப்பது?

கடைப் பாணில் முதல் வினாவுக்கு விடையாக அமைவது ஈஸ்ட் எனப்படும் மதுவம். அஃது உயிருள்ள நுண்ணங்கி. மாவிலுள்ள வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டு என்னும் வாயுவை அது வெளிவிடுகின்றது. அப்பத்துக்குக் கரைத்த மாவிற் சிறிது கள் வார்த்து இரவு முழுதும் வைத்தால், விடியற்காலையில் அது பொங்கி நிற்பதை யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் நன்கறிவர். கள்ளில் வாழும் மதுவமே அங்குத் தொழிற்படுகின்றது. உயிருள்ள பொருளாதலின் அதற்குச் சூடும் உணவும் காலமும் வேண்டும். அதனை அவசரப்படுத்தல் இயலாது.

சோடாப் பாணிலும் வாயு அதே காபனீரொட்சைட்டுத்தான். ஆனால், அதனைத் தருவது உயிருள்ள பொருளன்று. இரசாயன மாற்றம் ஒன்றே. அப்பச்சோடா என வழங்கும் பொருளின் இரசாயனப் பெயர் சோடியம் இருகாபனேற்று. அது புளிப்புள்ள ஏதேனும் ஒரு பொருளோடு ஈரத்திற் கலந்தவுடன் காபனீரொட்சைட்டை வெளிவிடும். ஒரு கண்ணாடிக் குவளையிற் சிறிது புளித்த தயிரை விட்டு, அதன்மேல் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைத் தூவினால், தயிர் நுரைத்தெழுவதைக் கண்ணாற் காணலாம். தயிரிலுள்ள இலற்றிக் அமிலமும் சோடாவும் எதிர்ப்படுவதால் உண்டாகும் நுரை அது. ஒரு மட்டத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 5 கிராம் அப்பச்சோடா, தனக்கு வேண்டிய அமிலம் முழுவதையும் பெற்றால், அதிலிருந்து ஏறத்தாழ 1.4 லீற்றர் வாயு பிறக்கும். கையளவு மாவைப் பருத்த பாணாக்க அது தாராளமாகப் போதும்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்திற் பதித்தல் வேண்டும். ஒன்று, இவ்வாயு பிறக்க மணிக்கணக்கிற் காத்திருக்க வேண்டுவதில்லை. ஈரம் பட்ட கணத்திலேயே அது தொடங்கிவிடும். ஆதலால், மாவை வைத்துக்கொண்டு காத்திருந்தால் வாயு வீணே வெளியேறிவிடும். மற்றையது, சோடாவுக்கு ஏற்ற அளவு அமிலம் இல்லாவிடில், எஞ்சிய சோடா அடுப்பின் வெப்பத்தினாலே தானாகச் சிதையும். அப்போது தரவேண்டிய வாயுவிற் பாதியே கிடைக்கும். சோடியம் காபனேற்று என்னும் உப்பும் மிஞ்சிநிற்கும். சலவைச் சோடாவும் அதே பொருளேயாகும். பாணிற் சவர்க்காரச் சுவையும் மஞ்சள் நிறமும் தோன்றுவது அதனாலேயே. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. சோடாப் பாண் அப்பழமொழிக்கு ஒரு விலக்கு. அளப்பதிற் பதறாமலும், கலந்தபின் தாமதியாமலும் இருப்பதே இதற்குரிய விதி.

இத்தகைய பாண் அயர்லாந்திலே வேரூன்றியமைக்குத் தக்க காரணங்கள் உள. மாவைக் காரப்பொருளால் உப்பச்செய்யும் எண்ணம் அங்குத்தான் முதலிற் பிறந்ததென்று கூறுதல் பொருந்தாது. மரச்சாம்பலிலிருந்து வடித்தெடுத்த பொட்டாசுக் காரத்தை மாவிற் கலக்கும் வழக்கத்தை, 1796இல் அமெரிக்காவில் அமேலியா சிமன்ஸ் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலிலே காணலாம். 1791இல் பிரான்சிலே நிக்கொலா லெபிளாங் என்பவர் கறியுப்பிலிருந்து சோடாவைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். 1801இல் பேர்ளின் நகர மருந்தாளர் வலன்ரைன் ரோஸ் என்பவர் சோடியம் இருகாபனேற்றைக் கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழிற்சாலைகளிலிருந்து சோடா மலிவாக வெளிவந்து, கடைகள் வழியாகக் கிராமங்களையும் சென்றடைந்தது. 1836இலேயே அயர்லாந்தின் வடபுலத்திலுள்ள நியூரி நகரத்துப் பத்திரிகையொன்றிற் சோடாப் பாணின் செய்முறை வெளிவந்துள்ளது.

அந்நாட்டின் மண்ணும் வானமும் வாழ்க்கையும் இப்பாணுக்கே அமைந்தவை போன்றிருந்தன. கோதுமையிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூற்றன் என்னும் இழுவைத்தன்மையுள்ள வலையாகின்றது. மதுவத்தாற் பொங்கும் பாணுக்கு வலிமை மிக்க வலை வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவின் சமவெளிகளிலும் விளையும் கடினக் கோதுமை அதற்கு ஏற்றது. அயர்லாந்தின் ஈரமும் மென்குளிரும் நிறைந்த காலநிலையில் விளைவதோ புரதம் குறைந்த மென்கோதுமை. அதன் மாவினால் மதுவப் பாண் செம்மையாக அமைவதில்லை. விரைவிற் பொங்கி விரைவில் வேகும் சோடாப் பாணுக்கோ அம்மென்மாவே சிறந்தது. நாட்டின் குறையென எண்ணப்பட்டது இப்பாணில் நிறையாயிற்று.

புளிப்புக்கும் அந்நாட்டார் வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை. பசு வளர்த்த வீடுதோறும் வெண்ணெய் கடையப்பட்டது. கடைந்தபின் எஞ்சிய மோர் ஏழைகளின் அன்றாட உணவாக இருந்தது. உருளைக்கிழங்கோடு அதனையே அவர்கள் அருந்தினர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. 1852வரை நீடித்த பெரும் பஞ்சத்திற் பத்து இலட்சம் மக்களளவில் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். ஒரே பயிரை நம்பிய வாழ்வின் ஆபத்தை அத்துயரம் காட்டிச் சென்றது. பின்வந்த ஆண்டுகளில் மாவும் பாணும் தேநீரும் அந்நாட்டு ஏழை வீடுகளிலும் மெல்ல மெல்ல இடம்பெற்றன. அவ்வீடுகளுக்கு ஏற்ற பாணாகச் சோடாப் பாண் அமைந்தது.

ஏனெனில், அவ்வீடுகளிற் போறணை இருக்கவில்லை. இலங்கையிலும் நிலைமை அதுவே. பாண் என்னும் சொல்லும் போறணை என்னும் சொல்லும் போர்த்துக்கேயரோடு இத்தீவுக்கு வந்தவை. அவற்றுட் பாண் வீட்டுக்குள் புகுந்தது. போறணையோ கடையிலேயே நின்றுவிட்டது. அதனாற் பாணென்றால் கடைப்பொருள் என்னும் எண்ணம் நிலைத்தது. இன்று இசையொலித்துக்கொண்டு தெருவழியே முச்சக்கர வண்டியிற் பாண் வருகின்றது. வீட்டிற் பாண் சுடுவோரோ மிகச் சிலரே. அயர்லாந்தின் கிராமத்துப் பெண்கள் போறணையின்மையை ஒரு தடையாகக் கொள்ளவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி உலர்த்திய கரிமண்ணை எரித்து, அந்நெருப்பின் மேலே பாஸ்டிபிள் எனப்படும் கனத்த இரும்புச் சட்டியை வைத்து, அதனுள்ளே பாணையிட்டு மூடி, மூடியின்மீதும் தணலைப் பரப்பினர். மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் பெற்ற அச்சட்டியே போறணையாயிற்று. மேலும் கீழும் தணலிட்டு அப்பம் சுட்ட வழக்கத்தை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனிச் செய்முறையைக் காண்போம். ஒரு நடுத்தரப் பாணுக்குக் கோதுமை மா 450 கிராம், அப்பச்சோடா ஒரு மட்டத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டியிற் சிறிது குறைய, மோர் 350 முதல் 400 மில்லிலீற்றர் வரை வேண்டும். சீனியும் முட்டையும் நெய்யும் இதற்கு இன்றியமையாதன அல்ல.

மாவைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. பிட்டுக்கும் இடியப்பத்துக்குமென மாவை அவித்து அரித்து வைக்கும் வழக்கம் தமிழர் வீடுகளில் உண்டு. அவித்த மா இதற்கு உதவாது. ஆவியின் வெப்பத்தால் அதன் புரதம் நிலைகெட்டிருத்தலால், குமிழிகளைத் தாங்கும் வலை அதில் உண்டாவதில்லை. அவியாத பச்சை மாவே வேண்டும். தவிடு நீங்காத கோதுமை மாவில் ஒரு பங்கும் வெள்ளை மாவில் ஒரு பங்கும் கலந்துகொண்டால், சுவையும் நார்ச்சத்தும் மிகுந்த பழுப்புச் சோடாப் பாண் கிடைக்கும். தவிட்டுமா ஈரத்தை மிகுதியாக உறிஞ்சுமாதலால் மோரைச் சிறிது கூட்டுதல் வேண்டும்.

சோடாவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. அப்பச்சோடா வேறு, சலவைச் சோடா வேறு. உடை வெளுக்கப் பயன்படும் சலவைச் சோடா உணவுக்கு ஆகாது. பேக்கிங் பவுடர் எனக் கடையில் விற்பதும் இன்னொரு பொருள். அப்பச்சோடாவோடு உலர்ந்த அமிலப்பொருளொன்றும் ஈரம் உறிஞ்சும் மாப்பொருளும் சேர்ந்த கலவை அது. 1843இல் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் அல்பிரட் பேட் என்பவர், மதுவம் ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டு அத்தகைய கலவையொன்றை ஆக்கினார். அமிலம் அதனுள்ளேயே இருத்தலால் அதற்கு மோர் வேண்டுவதில்லை. அப்பச்சோடாவுக்கோ மோர் கட்டாயம் வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அதே அளவில் இட்டால் பாண் கெடும். மேலும், நெடுநாள் திறந்து கிடந்த அப்பச்சோடா கட்டிபட்டு வலுவிழந்திருக்கக்கூடும். சிறிது தேசிப்புளியில் இட்டுப் பார்த்து, உடனே பொங்குமாயின் அது நல்லதென்று கொள்ளலாம்.

மோரென்று இங்குக் கூறப்படுவது தாகத்துக்கு அருந்தும் நீர்மோரன்று. நீர் மிகுந்தால் அமிலம் குறையும். அமிலம் குறைந்தால் வாயுவும் குறையும். நன்கு புளித்த தயிரில் இரண்டு பங்கும் நீரில் ஒரு பங்கும் சேர்த்துக் கடைந்தால், வேண்டிய பதத்திலே மோர் கிடைக்கும். எருமைத் தயிர் மிகத் தடிப்பாயின் நீரைச் சிறிது கூட்டலாம். புளிக்காத புதுத் தயிரைவிட இரண்டு நாட் பழகிய தயிரே இதற்கு நன்று. வீணாகுமென வீசப்படும் புளித்த தயிர் இவ்விடத்தில் அருமருந்தாகின்றது. தயிர் இல்லாத வீட்டில் 350 மில்லிலீற்றர் பாலில் இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியைக் கலந்து பத்து நிமிடம் வைத்தால், பால் திரிந்து மோர்போலாகும். தேசிப்புளியிலுள்ள சித்திரிக் அமிலம் இலற்றிக் அமிலத்தின் தொழிலைச் செய்யும். பசுப்பால் இல்லாதவிடத்துத் தேங்காய்ப் பாலையும் இவ்வாறே பயன்படுத்தலாம். தேசிப்புளியைக் கொண்டு செய்யும்போது அப்பச்சோடாவை முக்காற் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்வது நலம்.

மாவைத் தொடுமுன் அடுப்பை ஆயத்தம் செய்தல் வேண்டும். இம்முறையை மாற்றுதல் கூடாது. மின்போறணை உள்ளவர்கள் அதனை 220 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, தட்டில் மாவைத் தூவி வைத்தல் வேண்டும். அதன்பின் மா, உப்பு, அப்பச்சோடா மூன்றையும் அரிதட்டில் இருமுறை அரித்தல் வேண்டும். சோடா கட்டியாக எங்கேனும் நின்றால் அவ்விடத்தில் மஞ்சட் புள்ளியும் கசப்பும் தோன்றும். அரித்த மாவின் நடுவே குழிசெய்து, மோரிற் பெரும்பகுதியை ஒரே முறையில் வார்த்து, விரல்களை விரித்த ஒரு கையினாலே வட்டமாகச் சுழற்றிக் கலத்தல் வேண்டும். மா முழுதும் நனைந்து ஒன்றுசேர்ந்தவுடன் கையை எடுத்துவிடலாம். இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டுவதில்லை. ரொட்டி மாவிலும் இளக்கமாக, சற்றே கையில் ஒட்டும் பதத்தில் அஃது இருக்கும். இறுகியிருந்தால் எஞ்சிய மோரைத் தெளிக்கலாம்.

பழகிய கைகள் தவறுவது இவ்விடத்திலேதான். ரொட்டிக்கும் பரோட்டாவுக்கும் மாவை அடித்துப் பிசைந்த கை இதனையும் பிசைய விழையும். பிசைந்தாற் குளூற்றன் இறுகும், வாயு வெளியேறும், வெந்த பாண் தோலைப் போலாகும். கடைப்பாண் மாவுக்கு உழைப்பு நன்மை செய்வது போன்று, சோடாப் பாண் மாவுக்கு விட்டுவிடுதல் நன்மை செய்கின்றது.

மா தூவிய பலகையிலே கலவையைச் சரித்து, ஓரங்களை மெல்ல உள்ளே ஒதுக்கி, ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தடிப்புள்ள வட்டமாக்குதல் வேண்டும். பின்னர்க் கூரிய கத்தியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஆழமாகக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு வெட்டுகள் இடுதல் வேண்டும். அயர்லாந்தில் இச்சிலுவைக் குறியைப் பாணுக்கு இடும் ஆசீர்வாதம் என்பர் சிலர். உள்ளிருக்கும் தேவதைகள் வெளியேற விடும் வழி என்று விளையாட்டாகக் கூறுவர் வேறு சிலர். எப்பொருள் கொண்டாலும் அதனாற் பயன் உண்டு. தடித்த நடுப்பகுதிக்குள் வெப்பம் புகுவதற்கும், பாண் கண்டவிடத்தில் வெடியாது ஒழுங்காக விரிவதற்கும், வெந்தபின் நான்காகப் பிய்ப்பதற்கும் அவ்வெட்டுகள் உதவுகின்றன.

வெட்டிய உடனே பாண் போறணைக்குள் செல்லுதல் வேண்டும். முதற் பதினைந்து நிமிடம் 220 பாகையிலும், அடுத்த இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் வரை 200 பாகையிலும் வேகவிடுதல் போதும். முதலில் உள்ள மிகு வெப்பம் குமிழிகளை விரியச்செய்து, அவை சுருங்குமுன் சுவர்களை இறுகச்செய்கின்றது. பின்வரும் தணிந்த வெப்பம் உள்ளே வேகச்செய்கின்றது. வெந்துவிட்டதா என்பதை அறிய, பாணைத் துணியாற் பற்றிக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டுதல் வேண்டும். வெற்றுப் பானையைத் தட்டியது போன்ற ஒலி எழுந்தால் வெந்தது. மந்தமான ஒலி எழுந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். வெந்த பாணைச் சுத்தமான துணியிற் சுற்றிவைத்தால் மேற்றோல் மென்மையாகும்; சுற்றாது விட்டால் மொறுமொறுப்பாகும். அரை மணித்தியாலமாவது ஆறியபின் வெட்டுவது நன்று. சூட்டோடு வெட்டினால் உட்பகுதி களிபோல் ஒட்டும்.

போறணை இல்லாத வீட்டினர் இரண்டு வழிகளில் ஒன்றைக் கைக்கொள்ளலாம். முதலாவது சட்டி முறை. அடிதடித்த ஆழமான இரும்பு அல்லது அலுமினியச் சட்டியில் ஓரங்குல உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூடி, பத்து நிமிடம் காய்ச்சுதல் வேண்டும். ஒட்டாப் பூச்சிட்ட பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாகாது. வெறுமையாகக் காய்ந்தால் அப்பூச்சு கெடும். மேற்கூறிய அளவிற் பாதியைக் கொண்டு செய்த சிறு பாணை மாத் தூவிய தகரத் தட்டில் வைத்து, அத்தட்டை மணலின்மேல் இருத்தி, இறுக மூடி, மிதமான நெருப்பில் நாற்பது நிமிடமளவில் வேகவிடலாம். விறகடுப்பு உள்ளவர்கள் மூடியின்மீது சிரட்டைத் தணலை இட்டால் மேற்புறமும் சிவக்கும். எரிவாயு அடுப்பில் அது கூடாமையால், இறுதிப் பத்து நிமிடத்துக்குப் பாணைக் கவிழ்த்துவைத்தல் வேண்டும்.

இரண்டாவது முறை இன்னும் எளியது. அயர்லாந்தின் வடபகுதியில் வழங்குவது. அங்குப் பாணை உயர்ந்த உருண்டையாக்காமல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள வட்டமாகத் தட்டி, நான்கு துண்டுகளாக வெட்டி, இரும்புக் கல்லிற் சுடுவர். ஒரு துண்டுக்கு அங்கு வழங்கும் பெயருக்கே நாலிலொரு பங்கு என்பது பொருள். தமிழர் வீட்டுத் தோசைக்கல் இதற்கு முற்றும் பொருந்தும். எண்ணெய் பூசாமல், கல்லிற் சிறிது மாவைத் தூவினால், அம்மா மெல்லப் பழுப்பாகும் அளவே சரியான வெப்பம். உடனே கருகினால் வெப்பம் மிகுதி. ஒவ்வொரு பக்கமும் எட்டு முதல் பத்து நிமிடம் சுட்டபின், வெட்டுப்பக்கங்களையும் சிறிது நேரம் கல்லில் நிறுத்திச் சுடுதல் வேண்டும். மாவைக் கையிலெடுத்ததிலிருந்து அரை மணித்தியாலத்தில் சோடாப் பாண் தட்டுக்கு வந்துவிடும். எரிபொருள் அருமையாகும் நாட்களில் இம்முறையே சிக்கனமானது.

முதன்முறை பிழைத்தால் மனம் தளரவேண்டுவதில்லை. பிழை தானே தன் காரணத்தைக் கூறும். சவர்க்காரச் சுவை தோன்றினால் சோடா மிகுதி, அல்லது தயிரிற் புளிப்புக் குறைவு. கல்லைப் போல் இறுகினால் மிகப் பிசைந்துவிட்டனர், அல்லது கலந்தபின் தாமதித்துவிட்டனர். வெளியே கருகி உள்ளே வேகாதிருந்தால் நெருப்பு மிகுதி, அல்லது வெட்டு ஆழமாக இல்லை. கூடுதலாக உப்பட்டுமென்று சோடாவை அள்ளியிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. அமிலத்தின் அளவுக்குமேல் இட்ட சோடா பாணை உயர்த்துவதினும் கெடுப்பதே மிகுதி.

உடல்நலம் கருதியும் அளவைப் பேணுதல் வேண்டும். 5 கிராம் அப்பச்சோடாவில் ஏறத்தாழ 1.4 கிராம் சோடியம் உள்ளது. கறியுப்பிலுள்ள சோடியத்தோடு அதுவும் சேர்கின்றது. ஆகவே, இரத்த அழுத்தம் உடையோர் உள்ள வீட்டில் உப்பைக் குறைத்துக்கொள்வதும், அவர்கள் இதனை அளவோடு உண்பதும் தகும்.

சோடாப் பாண் செய்த அன்றே உண்ணுதற்குரியது. கொழுப்பும் சீனியும் சேராமையால் மறுநாள் அது காய்ந்துவிடும். எனினும் காய்ந்த பாணைக் கல்லில் வாட்டினால் மீண்டும் சுவைபெறும். அயர்லாந்து மக்கள் வெண்ணெய் தடவித் தேநீரோடு அதனை உண்பர். இங்கே பருப்புக் கறியும் சம்பலும் அதற்கு நல்ல துணை. சிறிது பொரித்த சீரகத்தையோ, அரிந்த வெங்காயத்தையும் கறிவேப்பிலையையுமோ மாவில் சேர்த்துச் செய்வதும் தவறாகாது.

இப்பாண் கடைப்பாணை வெல்லவேண்டிய தேவை எதுவுமில்லை. அதன் பயன் வேறு. கடை திறந்திருக்கும் நாளில் அஃது ஒரு மாற்றுச் சுவை. கடை மூடியிருக்கும் நாளில் அதுவே குடும்பத்தின் காலையுணவு. கரிமண் நெருப்பின் முன்னிருந்த அயர்லாந்துத் தாய்க்கு இரசாயனப் பெயர்கள் தெரிந்திரா. புளித்த மோரையும் சோடாவையும் கலந்தபின் காத்திருக்கலாகாதென்பது மாத்திரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்று பாடசாலையில் அமிலமும் காரமும் பயிலும் பிள்ளைகளுக்கு அதன் காரணமும் தெரியும். தாயின் கைப்பழக்கமும் பிள்ளையின் பாட அறிவும் ஓரடுப்பின் முன் ஒருநாள் கூடுமாயின், ஒரு மணித்தியாலத்தின்பின் தட்டிலிருப்பதை இருவரும் பகிர்ந்துண்ணலாம். பாடத்தையும் பிள்ளை மறவாது.